சாவியில்லாப் பூட்டும் சோர்ந்த பாட்டரியும்



விழிஞ்ஞம் என்ற பெயரைக் கேட்டவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது அங்கே எழுந்துள்ள புதிய துறைமுகம். 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் அங்கு வந்து நின்றதையும், 2025 மே 2ஆம் நாள் பிரதமர் அத்துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்ததையும் நேயர்கள் படித்திருப்பீர்கள். சரித்திரம் பயின்றவர்களுக்கு வேறொரு விழிஞ்ஞம் நினைவுக்கு வரும். அது ஆய் மன்னர்களின் துறைப்பட்டினம். பாண்டியரும் சோழரும் போரிட்டுக் கைப்பற்றிய கடற்கோட்டை. நாம் இன்று பேசப் போவது இவ்விரண்டையும் பற்றியன்று. அவ்வூரின் மேட்டுத் தெரு ஒன்றிலே, கொட்டகையில் நின்றபடியே உயிர் இழந்த ஒரு மோட்டார் காரைப் பற்றியே பேசப் போகிறோம்.

காரைப் பற்றி, அதிலும் பெரும் பணக்காரர்களின் காரைப் பற்றி, நமக்கென்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். வெளிமாநிலங்களிலே வாழும் நம்மவருள் அத்தகைய கார்களை உடையவர் சிலர். அவற்றை ஓட்டிப் பிழைப்பவரோ பலர். மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் முதலாளியின் காரை ஒப்படைக்கப் பெற்ற தமிழ் ஓட்டுநர், அந்தக் கார் ஒரு நாள் திறக்க மறுத்தால், தம் வேலைக்கே பதில் சொல்ல வேண்டியவராகிறார். விழிஞ்ஞத்தில் நிகழ்ந்ததும் அதுவே.

நாம் அப்போது துறைமுகத்தை நோக்கிய ஒரு வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வளைகுடா நாட்டிலே தொழில் செய்பவர். அவருடைய முதிய தாயார் மட்டும் இங்கே இருந்தார். அவருக்குத் துணையாகவும் காருக்குக் காவலாகவும் இருந்தவர், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ் ஓட்டுநர். கார் ஜெர்மானியக் கார். அதற்குச் சாவி நுழைக்கும் துளை வெளியே தெரியாது. சட்டைப் பையிலே சாவியை வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். உள்ளே அமர்ந்து பொத்தானை அழுத்தினால் எஞ்சின் இயங்கும். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. பாட்டியம்மா வெளியே செல்லவில்லை. காரும் மூன்று வாரம் கொட்டகையை விட்டு நகரவில்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநர் நம் கதவைத் தட்டினார். "ஐயா, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். வண்டி திறக்க மாட்டேங்குது" என்றார். ஓடிச் சென்று பார்த்தோம். கைப்பிடியைத் தொட்டும் பயனில்லை. சாவியின் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. கார் கறுத்த பாறை போல நின்றது. அந்தப் பெருமழையிலே ஓர் ஆட்டோக்காரரை எழுப்பி, பாட்டியம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். நல்லூழாக அவர் பிழைத்துக்கொண்டார். விடிந்ததும் தொலைபேசியில் மகனின் குரல் வந்தது. ஓட்டுநர் ஏதோ ஒரு விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டார் என்பது அவருடைய தீர்ப்பு. மாத இறுதியோடு கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்பது தண்டனை.

ஓட்டுநர் எந்த விளக்கையும் விட்டுவைக்கவில்லை. அதனை மெய்ப்பிக்கத்தான் நாம் இப்பொருளை ஆராயப் புகுந்தோம்.

முதலில் அறிய வேண்டியது, செத்தது சாவியா, காரா என்பது. சாவிக்குள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. காருக்குள்ளே 12 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. இரண்டில் எது வற்றினாலும் கதவு திறவாது. ஆகவே பலர் சாவியின் பாட்டரியை மாற்றிவிட்டு, பிறகும் திறக்கவில்லையே என்று திகைக்கின்றனர். பொத்தானை அழுத்தும்போது சாவியின் சிறு விளக்கு ஒளிர்ந்தும் கார் அசையாதிருந்தால், குற்றம் பெரும்பாலும் காரின் பாட்டரியிலேதான். காருக்குள் சிவப்புக் காவல் விளக்கு வழக்கம்போல் சிமிட்டிக்கொண்டிருந்தும் கதவு திறக்கவில்லையானால், சாவியைச் சந்தேகிக்கலாம். சாவிதான் செத்ததென்றால் கவலை சிறிது. அதன் பாட்டரி முற்றும் வற்றினாலும், உள்ளே இருக்கும் அடையாளச் சில்லுக்குத் தனி மின்சாரம் வேண்டியதில்லை. காரே தன் மின்காந்தப் புலத்தால் அதற்கு வேண்டிய சிறு சக்தியை ஊட்டுகிறது. சாவியைப் பொத்தானின் மேலேயோ, கைப்புத்தகம் குறிக்கும் இடத்திலேயோ ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் இயங்கும்.

ஆனால் உள்ளே செல்வது எப்படி? இங்கேதான் நம் ஓட்டுநர் அறியாத ஒன்று இருந்தது. முதலாளியும் அவருக்குச் சொல்லவில்லை. இத்தகைய சாவிகளின் வயிற்றுக்குள்ளே மெல்லிய இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கிறது. பக்கத்திலுள்ள சிறு தாழை நகர்த்தினால் அது வெளிவரும். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடியோரத்தில் ஒரு மூடி இருக்கும். அதை மெல்ல நெம்பினால் பூட்டுத் துளை தென்படும். இலட்சக்கணக்கான ரூபாய் பெறும் வண்டியை, நம் பாட்டன் காலத்துப் பெட்டிச் சாவியைப் போன்ற ஒன்று காப்பாற்றுகிறது என்பதில் நமக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. ஆயினும் அன்று காலை அந்தச் சாவியும் திரும்பவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறையேனும் பயன்படாத அந்தத் துளையிலே கடற்காற்றின் உப்பு ஏறி உறைந்திருந்தது. பூட்டெண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, மெல்ல மெல்லத் திருப்பிய பிறகே திறந்தது. கடற்கரையூர்களில் இருப்பவர்கள், அது சென்னையாயினும் மும்பையாயினும், மாதம் ஒருமுறை அந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்து பூட்டிப் பழகுவது நன்று.

உள்ளே சென்றவுடன் வேறொரு வேடிக்கை. இத்தகைய கார்கள் பலவற்றில் பாட்டரி முன்புற மூடியின்கீழ் இல்லை. பின்புறச் சாமான் அறைக்குள் இருக்கிறது. அந்த அறையைத் திறப்பதோ மின்சாரப் பூட்டு. பாட்டரி செத்தால் பூட்டு திறவாது; பூட்டு திறந்தாலன்றிப் பாட்டரியைத் தொட இயலாது. இதனை அறிந்தே தயாரிப்பாளர்கள், வேறு பாட்டரியிலிருந்து மின்சாரம் ஊட்டுவதற்கென்று முன்புற மூடியின்கீழ் இரு முனைகளை வைத்திருக்கின்றனர். அம்மூடியை விடுவிக்கும் பிடி ஓட்டுநரின் காலருகே இருக்கும்; பெரும்பாலான கார்களில் அது வெறும் கம்பியால் இயங்குவது.

பிறர் காரின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுக்கும்போது வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் செத்த காரின் நேர்முனையிலும், பிறகு நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் இணைக்க வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு தலையை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் இணைத்து, மறு தலையைச் செத்த காரிலே, பாட்டரியை விட்டு விலகி, அதற்கென்று குறித்த உலோக முனையில் கடைசியாக இணைக்க வேண்டும். கடைசி இணைப்பிலே பொறி பறப்பது இயல்பு. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம். அதனருகே பொறி பறக்கலாகாது. தள்ளிக் கிளப்பும் பழைய வழக்கம் தானியங்கிக் கியர் உள்ள கார்களுக்கு ஆகாது. நம் தெருவிலே அன்று நான்கு பேர் தோள் கொடுக்க ஆயத்தமாய் நின்றார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாடாயிற்று.

இனி, பாட்டரி ஏன் வற்றியது என்பதைப் பார்ப்போம். பூட்டி நிறுத்திய கார் முற்றிலும் உறங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், சாவிக்காகச் செவி சாய்த்திருக்கும் கருவி, உடையவரின் கைப்பேசியோடு பேசும் கருவி யாவும் துளித்துளியாக மின்சாரத்தை அருந்திக்கொண்டே இருக்கின்றன. நல்ல நிலையிலுள்ள காரில் இவ்வளவும் சேர்ந்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை இருப்பது வழக்கம். 80 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 மில்லியாம்பியர் வீதம் ஒரு நாளைக்குச் செலவு 0.72 ஆம்பியர்-மணி. அந்தக் கணக்குப்படி பாட்டரி பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 55 நாள் ஆகும். அதே கார் 150 மில்லியாம்பியர் அருந்துமானால் நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி, 20 நாளில் 72 ஆம்பியர்-மணி போய்விடும். மூன்று வாரத்தில் முழுச் சாவு.

நம் பக்கத்து வீட்டுக் கார் இவ்விரண்டாவது கணக்கிலே எப்படி விழுந்தது? அதற்குச் சாவியின் இயல்பை அறிய வேண்டும். நாம் கைப்பிடியைத் தொட்டவுடன், சில கார்களில் நாம் அருகே வந்தவுடனேயே, கார் தாழ்ந்த அதிர்வெண்ணிலே, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், 'யாரங்கே?' என்று மெல்ல வினவுகிறது. இந்த அலை ஓரிரு மீட்டருக்கு மேல் செல்லாது. அதைக் கேட்ட சாவி, 433 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்ணிலே, ஒவ்வொரு முறையும் மாறும் இரகசியச் சொல்லால் 'நானே' என்று விடை கூறுகிறது. விடை சரியாயின் கார் விழித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் கணிப்பொறிகள் பலவும் உடன் விழிக்கின்றன. அவை மீண்டும் உறங்கச் சில நிமிடங்களிலிருந்து அரைமணி வரை ஆகக்கூடும். சாவி காரின் அருகிலேயே ஓயாமல் இருந்துவிட்டால், உறங்கப் போகும் குழந்தையை மணிக்கொருமுறை தட்டி எழுப்பியது போலாகும். சாவியும் அவ்வாறே விடை கூறிக் கூறி இளைத்துப் போகும்.

கொட்டகையின் உட்சுவரிலே, காரின் கதவிலிருந்து இரண்டடி தூரத்தில் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியிலே மாற்றுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது! சென்ற விடுமுறைக்கு வந்த முதலாளியே அதனை அங்கு மாட்டிவிட்டுச் சென்றாராம். கார் அன்றாடம் ஓடிய நாட்களில் இழந்த மின்சாரம் மீண்டும் ஏறிவிட்டது. ஆகவே குற்றம் வெளிப்படவில்லை. மழைக்காலத்தில் கார் நின்ற பின்புதான் கணக்கு தீர்ந்தது. அந்த மாற்றுச் சாவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தோம்; அதன் விளக்கு மின்மினியைக் காட்டிலும் மங்கலாக ஒருமுறை கண் காட்டியது.

விழிஞ்ஞம் பாட்டரியைப் பற்றிச் சிந்திக்கத் தகுந்த ஊர்தான் என்று நமக்கு அன்று தோன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யின் முயற்சியால் 1991இல் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இவ்வூரில் இயங்கத் தொடங்கியது. அலை ஏறி இறங்கும்போது, கடலுக்குள் நிறுத்திய கான்கிரீட் அறையின் காற்று முன்னும் பின்னும் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். அதன் திறன் 150 கிலோவாட். பிற்காலத்தில் அந்த மின்சாரத்தால் கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியும் நடைபெற்றது. அலையோ ஒரு நொடி ஓங்கும், மறு நொடி தாழும். அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கி ஒரே சீராக மின்சாரம் தரப் பாட்டரி வரிசை வேண்டியிருந்தது. இன்று அந்நிலையம் இயங்கவில்லை.

கார்ப் பாட்டரியும் அத்தகைய இடைத்தாங்கிதான். 1912இல் காடிலாக் காரிலே மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் கருவி வந்தபோது, கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொள்ளும் துன்பம் ஒழிந்தது. அன்று முதல் பாட்டரியின் அடிமைகளானோம். பெட்ரோலே வேண்டாத மின்சாரக் காரை வைத்திருப்போரும் தப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஓடுவதற்குப் பெரும் பாட்டரி இருந்தாலும், கதவையும் கணிப்பொறிகளையும் எழுப்புவது பெரும்பாலும் தனியான 12 வோல்ட் பாட்டரியே. அது செத்தால், பெரும் பாட்டரி நிறைந்திருந்தும் கார் திறக்காது.

ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரியின் ஆரோக்கியத்தை எளிய வோல்ட்மானியால் அறியலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் அபாயம். வற்றிய நிலையிலேயே நெடுநாள் கிடந்தால், உள்ளே தகடுகளின் மேல் ஈய சல்பேட்டுப் படிகம் கெட்டித்துப் போகும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வெப்பம் இதனை விரைவுபடுத்தும். டில்லியின் குளிரிலே பாட்டரி கிளப்ப வலுவின்றித் தள்ளாடுவதைக் கண்டவர்கள் குளிரைப் பழிப்பர். பாட்டரியின் ஆயுளைத் தின்றது பெரும்பாலும் முந்திய கோடை.

உப்புக் காற்று வேறொரு வகையில் வேலை செய்கிறது. முனைகளிலே வெண்மையும் பசுமையும் கலந்த பூஞ்சை போன்ற படிவு ஏறி, மின்சாரம் ஏறுவதையும் இறங்குவதையும் தடுக்கிறது. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, காய்ந்தபின் வாசலின் பூசினால் போதும். பாட்டரியின் மூடித் துளைகளுக்குள் சோடா நீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் போகும் நம்மவர்கள் காரை ஒரு மாதம் நிறுத்திவிட்டுச் செல்வது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, 'தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள்' என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவார்கள். இஃது உதவியன்று, தீங்கு. கிளப்புவதற்குச் செலவான மின்சாரம் ஐந்து நிமிடத்தில் நிற்கும் காருக்குத் திரும்பி வருவது அரிது. வாரம் ஒருமுறை அரைமணி அல்லது முக்கால் மணி சாலையிலே ஓட்டினால் பயன் உண்டு. அதற்கு ஆளில்லையேல், தானே நிறுத்திக்கொள்ளும் பராமரிப்பு ஊட்டியைச் சுவர் மின்சாரத்தில் இணைத்துவிட்டுச் செல்லலாம். நம் கணக்கில் இதுவே மிகச் சிறந்த வழி. எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது பழைய கார்களுக்கு நல்ல வைத்தியம். புதிய கார்களில் அதனால் சன்னல் கண்ணாடிகள் தம் எல்லையை மறக்கும். திருட்டு எச்சரிக்கை கூவும். கைப்புத்தகத்தைப் பாராமல் அதில் இறங்கலாகாது. காரிலே பின்னர் பொருத்திய காமிரா, வழிகாட்டும் கருவி முதலியவை காரை நிறுத்திய பின்பும் மின்சாரம் இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாமான் அறையின் மூடி முழுதும் பொருந்தாமல், உள்விளக்கு யாரும் அறியாது எரிந்துகொண்டிருப்பதும் உண்டு.

சாவியைக் காரருகே வைக்கலாகாது என்பதற்குப் பாட்டரி மட்டும் காரணமன்று. 2011இல் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், 8 தயாரிப்பாளர்களின் 10 வகைக் கார்களைச் சோதித்து, அனைத்தையும் ஒரே தந்திரத்தால் திறந்து காட்டினர். ஒருவன் காரருகே ஒரு கருவியோடு நிற்கிறான். மற்றவன் வீட்டு வாசலிலே, சாவி கிடக்கும் மேசைக்கு இப்புறம், வேறொரு கருவியோடு நிற்கிறான். காரின் மெல்லிய வினாவை முதல்வன் வாங்கி இரண்டாமவனுக்கு அஞ்சல் செய்கிறான். சாவி உள்ளிருந்து உண்மையாகவே விடை கூறுகிறது. இரகசியச் சொல்லை எவரும் உடைக்கவில்லை. தூரத்தை மட்டும் ஏமாற்றிவிட்டார்கள். அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில், அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்து சாவி உண்மையில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணிக்கும் முறை வந்திருக்கிறது. அசையாமல் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவிகளும் உண்டு. அவ்வசதிகள் இல்லாத காருக்கு, நன்றாக மூடும் தகர டப்பா ஒன்று போதும். உலோகச் சுவர் அலையைத் தடுக்கும். எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் ஒரே தரமல்ல. சாவியை உள்ளே வைத்து மூடி, காரருகே எடுத்துச் சென்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் வேறு டப்பா தேடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். சாவி உள்ளே இருக்கும்போது இக்கார்கள் பொதுவாகப் பூட்டிக்கொள்வதில்லை என்று நம்பி, குழந்தையையும் சாவியையும் உள்ளே விட்டு இறங்குவோர் உளர். சாவியின் பாட்டரி மெலிந்திருந்தாலோ, அது உலோகப் பொருளுக்கு அடியில் கிடந்தாலோ, கார் அதனைக் காணாமல் பூட்டிக்கொள்ளக்கூடும். வெயிலில் மூடிய காருக்குள்ளே பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி அளவு ஏறும். அத்தகைய வேளையில் சாவிக்காரரைத் தேடிக் காலம் கழிக்க வேண்டா. குழந்தைக்கு எட்டத்திலுள்ள சன்னல் கண்ணாடியின் ஓரத்தை உடையுங்கள்.

விழிஞ்ஞத்துக் காருக்கு வருவோம். மின்பணி தெரிந்த ஒருவரை அழைத்து, மாற்றுச் சாவிக்குப் புதிய நாணயப் பாட்டரி இட்டு, பழையபடி ஆணியில் மாட்டி, காரைப் பூட்டி, மின்னோட்டத்தை அளந்தோம். எண் இறங்கும், மீண்டும் துள்ளும், இறங்கும், துள்ளும். சாவியை வீட்டின் பின்னறைக்கு எடுத்துச் சென்று அரைமணி காத்திருந்தோம். 30 மில்லியாம்பியரில் வந்து அசையாது நின்றது. இவ்விரு காட்சிகளையும் கைப்பேசியில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினோம். அன்று மாலை வரை பதில் இல்லை. இரவு பாட்டியம்மா மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே மகனை அழைத்துப் பேசினாராம். என்ன பேசினார் என்பதை நாம் கேட்கவில்லை.

ஓட்டுநர் வேலையில் நீடித்தார். மாற்றிய புதுப் பாட்டரியைக் காரின் கணிப்பொறிக்கு அறிவித்துப் பதிவு செய்யவும் வேண்டியிருந்தது. பல ஜெர்மானியக் கார்களில் அவ்வாறு செய்யாவிடில், பழைய பாட்டரி என்றே எண்ணித் தவறான அளவில் ஊட்டும். மாற்றுச் சாவி இப்போது பாட்டியம்மாவின் அலமாரியில், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. கொட்டகைச் சுவரிலிருந்த ஆணியை ஓட்டுநர் பிடுங்கிவிட்டார்.